கல்லாற்று நீரும் கடலின் எட்டு வியப்புகளும்

அங்குத்தர நிகாயத்தில், எட்டின் தொகுதியில், பகாராத சூத்திரம் என்றொரு சூத்திரம் உண்டு. பகவன் புத்தர் வேரஞ்சை நகரில் ஒரு வேப்பமரத்தடியில் தங்கியிருந்த காலத்தில், அசுரர் தலைவனாகிய பகாராதன் அவரைக் காண வந்து, வணங்கி, ஒருபுறம் நின்றான். அசுரர்கள் பெருங்கடலில் மகிழ்ந்து வாழ்கின்றனரா என்று பகவன் அவனை வினவினார். மகிழ்ந்தே வாழ்கின்றனர் என்றான் அவன். அங்ஙனம் மகிழ்தற்கு அக்கடலில் எத்தனை வியப்புகள் உள என்று மேலும் வினவ, எட்டு உள என்று அவன் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தான். முழுவதையும் கேட்ட பின்னரே, தம்முடைய தம்ம விநயத்திலும் எட்டு வியப்புகள் உள என்று பகவன் அவற்றை ஒப்பிட்டுக் காட்டினார்.

சகோதரர்களே, இங்கே கடலைப் பற்றிப் பேசுகின்றவன் யார் என்பதை முதலில் நோக்குங்கள். புராணங்கள் அசுரன் என்றாலே கோரைப்பல்லும் செங்கண்ணும் எழுதிக் காட்டும். கொல்லப்படுவதற்கென்றே பிறந்தவனாக அவனை வைக்கும். நம் முன்னோரையும் அப்பெயரிட்டு இகழ்ந்தவர் பலர். பகவனோ அவனை ஆசனத்தருகே நிறுத்தி, நீ வாழும் இடத்தைப் பற்றி நீயே கூறு என்று கேட்டு, அவன் கூறியதையே தம் போதனைக்கு அடிப்படையாகக் கொண்டார். கடலை அறிய விரும்புவோன் கடலில் வாழ்வோனைக் கேட்க வேண்டும் என்பதே இச்சூத்திரத்தின் முதற்பாடம் என்று யான் கொள்கிறேன். உரையாசிரியர்கள் இதனை அவ்வளவாக வற்புறுத்துவதில்லை.

அவன் கூறிய எட்டும் இவை: கடல் கரையிலிருந்து சிறிது சிறிதாகவே ஆழ்ந்து செல்வது. தன் எல்லையை மீறாதது. பிணத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளாது கரையில் ஒதுக்கிவிடுவது. கங்கை, யமுனை, அசிரவதி, சரபூ, மகி என்னும் பேராறுகள் தன்னை அடைந்ததும் தத்தம் பெயரை விட்டுக் கடல் என்றே வழங்கப் பெறுவது. எத்துணை ஆறும் மழையும் வந்து சேரினும் பெருகியதாகவோ குறைந்ததாகவோ தோன்றாதது. எங்கு நாவில் வைத்தாலும் உப்பு என்னும் ஒரே சுவை உடையது. முத்தும் பவளமும் சங்குமாகிய செல்வம் நிறைந்தது. பேருருவுடைய உயிர்களுக்கு உறைவிடமாவது.

இவ்வெட்டினையும் ஒரே அளவாக விரித்தல் இக்கட்டுரையின் கருத்தன்று. இவற்றுள் மூன்றாவதும் நான்காவதும் நமக்கு உயிர்நிலையானவை. அவ்விரண்டிற்கும் இக்காலத்தில் ஓர் இடர் நேர்ந்திருக்கிறது. அதனைக் கல்லாற்றிலிருந்து தொடங்கிக் கூறுவேன்.

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், விதுராவைக் கடந்தபின் வருவது கல்லாறு. அங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்கு மேல் பொன்முடி. ஆற்றின் படுகை முழுவதும் உருண்டு தேய்ந்த கற்கள். பெயருக்கு அதுவே காரணம். அருகே எழுந்து நிற்கும் அகத்தியர் கூடமே நம் பழைய நூல்கள் பொதியில் என்று போற்றும் மலை. அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடத்தே என்று வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரர் சொல்லிச் சென்றார். ஆதலின் இம்மலை நமக்கு அயலன்று.

இவ்வூர்ப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலால் வாழ்ந்துவரும் சில தமிழ்க் குடும்பத்தாருக்குத் தம்ம வகுப்பு நடத்தி வருகிறேன். பகாராத சூத்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாயார் எழுந்து, “ஐயா, நாங்கள் மலையில் பிறந்து மலையில் சாகிறவர்கள். கடலை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். அது கெட்டால் எங்களுக்கு என்ன, இருந்தால் எங்களுக்கு என்ன?” என்று கேட்டார். நேர்மையான கேள்வி. மலைவாழ்வோர் மட்டுமல்லர், கடலிலிருந்து 10 கல் தொலைவில் வாழ்வோரும் இவ்வாறே எண்ணுகின்றனர்.

அவருக்குச் சொன்ன மறுமொழியின் முதற்பகுதி மழையைப் பற்றியது. சூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையைத் தொடுகிறது. அக்காற்று சுமந்து வரும் ஈரம் முழுவதும் கடல் தந்தது. வெயிலில் கடல்நீர் ஆவியாகி எழும்போது உப்பைக் கீழே விட்டுவிட்டு எழுகிறது. காற்று அதனைக் கிழக்கே தள்ளுகிறது. மலைச்சுவரில் மோதி மேலேறிக் குளிர்ந்து பொன்முடியில் மழையாக விழுகிறது. கல்லாற்றில் நாம் அள்ளிக் குடிக்கும் நீர் சில நாட்களுக்கு முன் அரபிக் கடலாக இருந்தது. தேயிலை தளிர்ப்பதும் அதனால். தோட்டத்தில் கூலி கிடைப்பதும் அதனால். கடல் நிறைவதும் இல்லை, குறைவதும் இல்லை என்ற ஐந்தாம் வியப்பின் உட்பொருள் இதுவே. ஒன்று இருப்பதால் மற்றொன்று உண்டாகிறது என்னும் சார்பில் தோற்றத்தை விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அந்தத் தாயார் கடலைப் பார்த்தது இரண்டு முறையாயினும், குடித்தது வாழ்நாள் முழுவதும்.

மூச்சும் அவ்வாறே. உலகில் உண்டாகும் உயிர்வளியில் ஏறத்தாழப் பாதியைக் கண்ணுக்குத் தெரியாத கடற்பாசிகளே உண்டாக்குகின்றன.

நிற்க. நான்காம் வியப்புக்கு வருவோம். மலையில் தோன்றும் இந்நீர் கல்லாறு என்ற பெயருடன் இறங்குகிறது. வேறு ஓடைகளுடன் கூடிப் பாலோடு கடந்து வாமனபுரம் ஆறு என்று பெயர் பெறுகிறது. ஆற்றிங்கலைத் தாண்டி அஞ்சுதெங்குக் காயலில் விழுந்து, பெருமாதுறையை அடுத்த முதலப்பொழியில் கடலைச் சேர்கிறது. தலைமுதல் கடைவரை ஏறத்தாழ 88 கிலோமீட்டர். முதலப்பொழிக்கு அப்பால் ஒரு குடம் நீரை மொண்டு, இது கல்லாற்று நீர், இது வேறு ஆற்று நீர் என்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது.

நான்கு வருணத்தாரும் சங்கத்தில் புகுந்தபின் பழைய குலப்பெயரை விட்டுச் சாக்கிய முனிவரின் மக்கள் என்றே வழங்கப்பெறுவர் என்பதற்குப் பகவன் காட்டிய உவமை இது. அஃது உவமையாக மட்டும் நின்றுவிடவில்லை. சாக்கிய இளவரசர் துறவுபூண வந்தபோது, தங்களுடைய நாவிதராயிருந்த உபாலிக்கு முதலில் துறவு அளிக்க வேண்டினர். அவர் தமக்கு மூத்தவராகித் தங்கள் வணக்கத்தைப் பெறட்டும், அதனால் தங்கள் செருக்கு அடங்கட்டும் என்பது அவர்கள் கருத்து. பண்டிதர் அயோத்திதாசர் 1898 ஆம் ஆண்டு சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும், அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானவருடன் தீட்சை பெற்றதும் இக்கடலை நோக்கிய நடையே. நம்முள் ஒவ்வொருவரும் ஒரு பெயரைக் கரையில் விட்டு வந்தவர். அப்பெயரால் நம் பாட்டனாரைத் தெருவில் நிறுத்தினார்கள். நம் தாயாருக்குக் கிணற்றை மறுத்தார்கள். கடலில் கலந்தபின் அது இல்லை. பிறருக்கு இஃது அழகிய உவமை; நமக்கோ இது பட்டயம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கல்லாற்றங்கரைக்குச் சென்று பாருங்கள். பொன்முடிக்கு வருவோர் வண்டியை நிறுத்திக் குளித்து, உண்டு, மகிழ்ந்து செல்கின்றனர். மகிழட்டும்; அதில் குறை காண்பது என் வேலையன்று. அவர்கள் விட்டுச் செல்லும் தண்ணீர்ப் புட்டி, மிட்டாய் உறை, எண்ணெய் ஒட்டிய பை ஆகியவை முதல் மழையில் ஆற்றோடு இறங்குகின்றன. ஆறு முதலப்பொழியில் தன் பெயரை விடுகிறது. அப்பை விடுவதில்லை. இன்ன நிறுவனம், இன்ன விலை, இன்ன நாளில் கட்டப்பட்டது என்று தன் பெயரும் குலமும் கோத்திரமும் நெற்றியில் எழுதியபடியே அது கடலுக்குள் புகுகிறது. பல ஆண்டுகள் கழித்து எடுத்தாலும் எழுத்துப் படிக்கலாம். எல்லாவற்றையும் ஏற்று ஒன்றாக்கும் கடலால் ஒன்றாக்க இயலாத ஒரு பொருளை மனிதர் செய்துவிட்டனர். நெகிழி என்று இக்காலத்தார் பெயரிட்ட பிளாஸ்டிக் அதுவே. ஆண்டுதோறும் உலகக் கடல்களில் சேரும் பிளாஸ்டிக் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டன் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2021 ஆம் ஆண்டு கூறியது.

இப்போது மூன்றாம் வியப்பு. கடல் பிணத்தோடு வாழாது. விரைவில் அதனைக் கரைக்குத் தள்ளிவிடும். அதுபோல, ஒழுக்கம் கெட்டு அதனை மறைத்து வாழ்வோனைச் சங்கம் தன்னுள் வைத்திராது என்பது பகவன் காட்டிய ஒப்புமை. எவரையும் ஏற்பது நான்காவது. எதனையும் ஏற்பதில்லை என்பது மூன்றாவது. இவ்விரண்டும் சேர்ந்திருப்பதாலேயே கடல் தூயதாக நிற்கிறது. ஏற்கும் இயல்பு மட்டும் இருந்து விலக்கும் இயல்பு இல்லாவிடில் அது கடலாகாது, சாக்கடைத் தொட்டியாகும்.

பிணம் அழுகுவது. அழுகுவதைக் கடல் கரைக்கும், கரையாததை ஒதுக்கும். பிளாஸ்டிக்கோ அழுகுவதில்லை, உடைகிறது. ஒரு பை நூறாகி, நூறு பதினாயிரமாகி, மீன் விழுங்கும் அளவுக்குப் பொடியாகிறது. பொடியானபின் கடல் எதனைக் கரைக்குத் தள்ளும்?

இதற்குக் கொடிய சான்று நம் கண்முன்னே நிகழ்ந்தது. 2025 மே 24 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல், கொச்சிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 38 கடல் மைல் தொலைவில் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டது ஆறுதல். கப்பலில் 640 சரக்குப் பெட்டகங்கள் இருந்தன. அவற்றுள் 13 தீங்கு விளைக்கும் சரக்கு ஏற்றியவை. சில நாட்களுக்குள் கொல்லத்துக் கரையிலும் திருவனந்தபுரத்துக் கரையிலும் வெண்ணிறக் குருணை ஒதுங்கத் தொடங்கிற்று. தொலைவிலிருந்து காண்போர்க்குச் சவ்வரிசி கொட்டியதுபோலத் தோன்றும். பிளாஸ்டிக் சாமான் வார்ப்பதற்கு மூலப்பொருளாக விற்கப்படும் குருணை அது, பருப்பளவே இருக்கும், மிதக்கும். மீனின் முட்டையென்று எண்ணி மீனும் பறவையும் விழுங்கும். மணலோடு கலந்ததைத் தொண்டர்கள் முறத்தாலும் சல்லடையாலும் கையாலும் பிரித்தெடுத்தனர். ஓரலை வந்தால் மீண்டும் அதே அளவு. கேரள அரசு இதனை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

கடல் அன்றும் தன் இயல்பில் தவறவில்லை. தனக்கு ஆகாததைக் கரையில் கொண்டுவந்து போட்டது. ஆயினும் போட்டது ஒரு பகுதியே.

இதற்கு 4 ஆண்டுகளுக்கு முன் நம் அண்டை நாடாகிய இலங்கையில் இதே துயரம் இன்னும் பெரிதாக நேர்ந்தது. எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்னும் கப்பல் 2021 மே 20 அன்று கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே தீப்பற்றியது. அவ்வாண்டு வைசாகப் பௌர்ணமி மே 26. விகாரைகளில் விளக்கேற்றிய அந்நாளிலும் கப்பல் எரிந்துகொண்டிருந்தது. சூன் 2 அன்று அது கடலில் அமிழ்ந்தது. ஏறத்தாழ 1,680 டன் குருணை அதில் இருந்தது. அத்தகைய பொருள் கடலில் சிந்தியதில் அதுவே உலகில் மிகப் பெரியது என்பர். இறந்த ஆமைகள் கரைதோறும் ஒதுங்கின. மேற்குக் கரை மீனவர் பல மாதம் தொழிலிழந்தனர். இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 சூலையில், கப்பல் நிறுவனத்தார் 100 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நடந்ததை மறக்க விடாமல் வழக்குத் தொடுத்தவர்கள் இருந்தமையால் அத்தீர்ப்பு வந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். கப்பல் செய்யும் கேட்டைக் கல்லாற்றுத் தாயார் தம் கையால் தடுக்க முடியாது. குரலால் தடுக்க முடியும்.

கையால் தடுக்கக் கூடியதும் ஒன்று உண்டு. அது நாம் உடுக்கும் துணி. இதனை யான் நூலறிவால் மட்டும் கூறவில்லை. இளமையில் நூற்பாலையில் உழைத்தேன். பஞ்சும் பாலியெஸ்டரும் கலந்து நூற்கும் பிரிவில் வேலை. மாலையில் வெளிவரும்போது இமையிலும் மூக்கிலும் வெண்பனிபோல இழைத்தூசு படிந்திருக்கும். ஆலையின் பின்புறம் கூட்டிக் கொட்டிய கழிவில், வெறும் பஞ்சுக் கழிவு ஒரு மழைக்காலம் சென்றால் மக்கி மண்ணாகிவிடும்; கீரை விதை தூவினால் முளைக்கும். பாலியெஸ்டர் கழிவு ஆண்டுகள் சென்றும் அப்படியே கிடக்கும். மழை அலசியதால் முன்னிலும் வெளுத்திருக்கும். ஒன்று செடியில் விளைந்தது. மற்றொன்று மண்ணெண்ணெய் பிறக்கும் அதே கச்சா எண்ணெயில் பிறந்தது. செயற்கை இழைத் துணியை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்கு எட்டாத இழைத்துணுக்குகள் நீரோடு செல்கின்றன. கடல்களுக்கு நேரே சென்று சேரும் நுண்பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 35 விழுக்காடு இவ்வாறு துவைப்பதால் வருவது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017 ஆம் ஆண்டு மதிப்பிட்டது. சட்டையும் சேலையும் கடலைக் கெடுக்கும் என்று அக்காலத்தில் எவரேனும் எங்களிடம் சொல்லியிருந்தால் நகைத்திருப்போம்.

ஏழைகள் செயற்கை இழைத் துணியை விடுவது எளிதன்று. அது மலிவு, நாள்பட உழைக்கும், மலைக்குளிரில் விரைவில் உலரும். அதனை உடுப்போரை இடித்துரைக்க எனக்கு மனமில்லை. துவைத்த நீரை ஆற்றில் நேரே விடாமல் வாழைப்பாத்திக்கோ மண்குழிக்கோ விட்டால் இழையில் பெரும்பகுதி மண்ணில் தங்கிவிடும். ஆற்றங்கரைக் கல்லில் அடித்துத் துவைக்கும் பழக்கம் உள்ளவர்கள், பருத்தித் துணிக்கு அதனை வைத்துக்கொண்டு, மற்றவற்றை வீட்டுப் பின்புறம் துவைக்கலாம். கிழியும்வரை உடுத்தலும், கிழிந்தபின்னும் எறியாதிருத்தலும் இதனினும் மேலானது.

இதில் நமக்கு வழிகாட்டி ஆனந்த தேரர். கோசம்பியில் உதயண மன்னனின் தேவியர் அவருக்கு 500 ஆடைகளைத் தானமாகக் கொடுத்தனர். ஒரு துறவிக்கு இத்தனை ஆடை எதற்கு, துணிக்கடை வைக்கப் போகிறாரா என்று மன்னன் ஐயுற்று அவரிடமே சென்று கேட்டான். கந்தலுடுத்த பிக்குகளுக்குப் பங்கிடுவேன் என்றார் தேரர். அவர்களுடைய பழங்கந்தலை என்செய்வீர் என்றான். படுக்கைவிரிப்பு ஆக்குவோம். பழைய விரிப்பை? மெத்தை உறையாக்குவோம். பழைய உறையை? தரைவிரிப்பு. பழைய தரைவிரிப்பை? கால்துடைக்கும் துணி. அது நைந்தால்? தூசு தட்டும் துணி. அதுவும் நைந்தால், நறுக்கிச் சேற்றோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்றார். மன்னன் மகிழ்ந்து மேலும் 500 ஆடை கொடுத்தான் என்று விநய பிடகம் கூறுகிறது. பயன்படுத்திய பொருளுக்கு இறுதி இடம் எதுவென்று கேட்பதை அம்மன்னன் நமக்குக் கற்பித்தான். கடைக்காரர் கையில் பையை நீட்டும்போது, “பழைய பையை என்செய்வீர்?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தேரருக்கு இருந்த மறுமொழி அவருக்கு இராது.

விநயம் நீரைப் பற்றியும் கண்டிப்பானது. நோயற்ற பிக்கு நீரில் மலசலம் கழித்தலும் உமிழ்தலும் ஆகா. பிக்குவின் எட்டு உடைமைகளுள் நீர்வடிகட்டியும் ஒன்று. நீரிலுள்ள சிற்றுயிர் வாயிற் சென்று மடியாதிருக்க அது. மதி நுட்பமுடையார் சிலர், இவை துறவிகளுக்கல்லவா, உபாசகராகிய நமக்கேன் என்பர். நீர் இருவருக்கும் ஒன்றே.

கேரளத்தில் இப்பொருள்பற்றி நடந்துள்ள ஒரு செயலை நாம் அறிதல் நலம். கொல்லம் மாவட்டத்து நீண்டகரைத் துறைமுகத்தில் 2017 ஆம் ஆண்டு ‘சுசித்துவ சாகரம்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. அதுவரை மீனவரின் வலையில் மீனோடு ஏறும் பிளாஸ்டிக்கை மீண்டும் கடலிலேயே எறிவது வழக்கம். இத்திட்டத்தின்படி அதனைப் பையில் கட்டிக் கரைக்குக் கொண்டு வருகின்றனர். கரையில் பெண்கள் அதனைக் கழுவிப் பிரிக்கின்றனர், இயந்திரம் துருவுகிறது, துருவியது தாரோடு கலந்து சாலையிடப் பயன்படுகிறது. தாம் எறியாத குப்பையைத் தம் படகில் ஏற்றிவர மீனவர் இசைந்தனர் என்பதே இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. மலைப்பக்கத்தில் அதற்கு நிகரான பணியைச் செய்வோர் வீடுதோறும் வந்து மக்காத குப்பையைப் பெற்றுச் செல்லும் ஹரித கர்ம சேனைப் பெண்கள். கழுவி உலர்த்திய பையை அவர்கள் கையில் கொடுப்பதும், மாதக் கட்டணத்தை முணுமுணுக்காமல் கொடுப்பதும் நாம் செய்யக் கூடியவற்றுள் மிக எளியவை. ஒன்று கூறுவேன். பிறர் குப்பையைத் தொடும் பெண்ணைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திப் பேசும் வீடு, சுவரில் எந்தப் படத்தை மாட்டியிருந்தாலும், இன்னும் பழைய பெயரை விடாத வீடே.

இரண்டாம் வியப்பைச் சுருக்கமாகக் கூறி மேற்செல்வேன். கடல் எல்லை மீறாதது என்றான் பகாராதன். புகாரைக் கடல் கொண்டதாக மணிமேகலை கூறும். இந்திர விழாவை மன்னன் மறந்தது காரணம் என்று அக்காப்பியம் சொல்லும். இன்றைய காரணம் வேறு. நிலக்கரியும் எண்ணெயும் எரித்துப் பூமியில் நாம் ஏற்றிய மிகைவெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலே வாங்கிக்கொண்டது. வெப்பமுற்ற நீர் விரியும். பனிமலைகளும் உருகிச் சேரும். 1900 முதல் இன்றுவரை உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் அருகே கடந்தபோது கடலில் இருந்த மீனவர் பலர் வீடு திரும்பவில்லை. மணலும் ஒரு செய்தி. கல்லாறு உருட்டித் தேய்த்த கல்லே கீழ்நாட்டில் மணலாகிறது. அம்மணலே கடற்கரைக்குத் தலைமுறை தலைமுறையாக ஆறு கொடுக்கும் சீர். ஆற்றில் மணலை அள்ளி வீடு கட்டினால் கரைக்குச் சீர் குறையும். முதலப்பொழியிலோ, அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் மணல் முகத்துவாரத்தில் அடைத்துக்கொள்கிறது. படகுகள் கவிழ்ந்து 60 பேருக்கு மேல் மாண்டுள்ளனர். 2025 ஏப்ரலில் வாயில் முற்றும் தூர்ந்துபோய், மணலை அகற்றக் கோரி மீனவர் போராடினர். அவர்களுக்காக மலையிலிருந்து எவரும் குரல் கொடுத்ததாக யான் கேள்விப்படவில்லை. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் அவர்களோ தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்து பல்லாயிரவரை மீட்டனர்.

இனி நம் அன்பர் சிலர் எழுப்பும் ஒரு தடைக்கு விடை கூற வேண்டும். மீன்பிடித்தல் கொலையாயிற்றே, பஞ்சசீலம் ஏற்ற நாம் மீனவருக்காகப் பரிந்து பேசலாமா என்பர். உயிர்க்கொலை நீங்குதல் முதற்சீலம், அதில் ஐயமில்லை. உபாசகர் விலக்கற்குரிய ஐந்து வணிகங்களுள் மாமிச வணிகம் உள்ளது, அதுவும் உண்மை. ஆனால் அதே பட்டியலில் நஞ்சு வணிகமும் உள்ளது. அதனை எடுத்துக் காட்டுவோரை யான் கண்டிலேன். கட்டுமரத்தில் சென்று வயிறு வளர்ப்போனைக் கொலைஞன் என்பவர்கள், ஒரு கடலையே நஞ்சாக்கும் வணிகத்துக்கு என்ன பெயரிடுவர்? அண்ணல் அம்பேத்கர் தம் ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில், கொல்ல வேண்டிய தேவைக்கும் கொல்லும் விருப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை நிறுத்திக் காட்டினார். தேவை அளவோடு நிற்பது. விருப்பத்துக்கு அளவில்லை.

அளவு இழந்ததன் விளைவைச் சாளை மீனிடத்துக் காணலாம். மத்தி என்றும் வழங்கும் இச்சிறுமீனே கேரளத்து ஏழையின் கறி. 2012 ஆம் ஆண்டு ஏறத்தாழ 4 இலட்சம் டன் கிடைத்தது. 2021 ஆம் ஆண்டு 3,500 டன்கூடக் கிடைக்கவில்லை. கடலின் வெப்பமாற்றம் முதற்காரணம். குஞ்சுகளை வாரிக் கோழித்தீவனத்துக்கும் எருவுக்கும் அரைத்தது அதனோடு சேர்ந்தது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கலாகாது என்பது அரசின் விதி. மீனுண்போர் அந்த அளவுக்குக் குறைந்ததை வாங்க மறுத்தால் விதிக்குக் கால் முளைக்கும்.

விசைப்படகுகளின் இழுவலைக்குக் கேரளத்தில் சூன் 9 நள்ளிரவு முதல் சூலை 31 வரை 52 நாள் தடை உண்டு. 1988 முதல் மழைக்காலத் தடை நடைமுறையில் இருந்து வருகிறது. மீன்கள் பல இனம் பெருக்கும் காலம் அது. நம் பிக்குகள் மழைக்காலத்தில் ஊர் ஊராகச் செல்லாது ஓரிடத்தில் தங்கும் வஸ்ஸாவாசமும் அக்காலத்தை ஒட்டியே வருகிறது. அது தோன்றிய காரணமும் நினைக்கத் தக்கது: மழையில் முளைத்த பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் பிக்குகள் மிதித்துச் செல்கின்றனர் என்று மக்கள் குறைகூறினர், பகவன் அக்குறையை ஏற்று விதி வகுத்தார். பெருகும் காலத்தில் உயிர்களை விட்டுவிடுதல் நமக்குப் புதிய அறமன்று.

எட்டாம் வியப்பாகிய பேருயிர்களைப் பற்றியும் நல்லதொரு செய்தி உண்டு. மீனினத்தில் மிகப் பெரியது திமிங்கிலச் சுறா. அஃது எவரையும் கடிப்பதில்லை, நுண்ணுயிர்களை வடித்து உண்டு வாழ்வது. ஈரல் எண்ணெய்க்காக அதனைக் குசராத்துக் கரையில் ஏராளமாகக் கொன்றனர். 2001 மே மாதம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டது. அவ்வரிசையில் ஏறிய முதல் மீன் அதுவே. திருவனந்தபுரக் கரையில் இழுக்கும் கரைமடி வலையில் அது சிக்கியபோதெல்லாம், பலமுறை, மீனவர் தம் வலையைத் தாமே அறுத்து அதனைக் கடலுக்குள் தள்ளிவிட்டுள்ளனர். கரைமடி பலர் கூடி இழுக்கும் வலை. அது கிழிந்தால் அன்றைய பாடு அத்தனை பேருக்கும் போயிற்று. வலை கோக்கப் பல நாள் செல்லும்.

அத்தகைய மீனவர் ஒருவரைப் பெருமாதுறையிலிருந்து வரும் பௌர்ணமிக்குக் கல்லாற்றுத் தம்ம வகுப்புக்கு அழைத்திருக்கிறோம். அவர் பௌத்தர் அல்லர், வர இசைந்திருக்கிறார். அன்று யான் பேசப்போவதில்லை. தோட்டத்தில் கொழுந்து எடை போட்டு முடியும் நேரத்தைக் கணக்கிட்டு மாலை 4 மணிக்கு வைத்துள்ளோம். கேட்க விரும்பும் கேள்விகளை முன்னரே எழுதிக்கொண்டு வருமாறும், மறுநாள் காலை ஆற்றங்கரையில் பொறுக்கச் சாக்குப்பை கொண்டுவருமாறும் அன்பர்களை வேண்டுகிறேன்.